பதின்மூன்றரைச் சுற்று

1

பினாங்கில் கப்பலைவிட்டு இறங்கி முப்பத்தேழு வருஷம் நிறைந்த ஞாயிற்றுக்கிழமையன்று, ஈப்போ நகரில் ஒரு கடைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், நான் ஒரு சுற்றைத் தவறாக எண்ணினேன். அந்தச் சுற்றில் நான்கு பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் மகள் கிரேஸ்.

எங்கள் பாளையங்கோட்டைப் பக்கத்தில் இதைப் படிக்கிற உங்களுக்கு இது எழுதத்தக்க விஷயமாகத் தோன்றாது. ஒன்று கூடும், ஒன்று குறையும், அதனால் என்ன என்பீர்கள். ஆனால் எண்ணுவது என் தொழில். பாகான் டத்தோ பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருபத்தொன்பது வருஷம் கிராணியாக இருந்தேன். தோட்டத்துக் கணக்கெழுத்தரை இங்கே கிராணி என்பார்கள். ஆட்களை எண்ணினேன், பால் வாளிகளை எண்ணினேன், ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை வைத்தபோது கன்றுகளை எண்ணினேன். ஓய்வு பெற்று ஈப்போவில் சிலிபினுக்கு வந்தபின் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமற் போயிற்று. இப்போது ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்களை எண்ணுகிறேன். யாரும் கேட்கவில்லை. சென்ற வாரம் நூற்றுப் பதினான்கு பேர். அதற்கு முந்தின வாரம் நூற்று இருபத்திரண்டு. அந்த எட்டுப் பேர் எங்கே போனார்கள் என்று ஆராதனை முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்துவிடு என்று சொல்லித்தான் என் அண்ணன் என்னைக் கப்பல் ஏற்றினார். எனக்கு அப்போது வயது இருபத்தாறு.

2

கிரேஸ் எங்கள் கடைசிப் பெண். வயது இருபது. ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டெழுத்து வேலை. ஒன்றரை வருஷத்துக்கு முன்பு ஒருநாள் மாலை முழங்காலில் பிளாஸ்திரியோடு வீட்டுக்கு வந்தாள். என் மனைவி எஸ்தர் பயந்துபோனாள்.

"என்னடி, மோட்டார் சைக்கிள்ல அடிபட்டியா?"

"இல்லம்மா. ஆபீஸ் புள்ளைங்களோட ஸ்கேட்டிங் போனேன். நாலு சக்கரம் வச்ச சப்பாத்து."

"காசு குடுத்து விழுந்துட்டு வாரியா? நம்ம வீட்டு வாசல்லயே வழுக்கும். சும்மா விழலாம்லா."

விழுந்தவள் மறுவாரமும் போனாள். அந்தக் கடைக் கட்டடத்து மாடியில் மிஸ் வோங் என்ற ஒரு சீனப் பெண்மணி சொல்லிக்கொடுக்கிறார். கனடாவில் படித்தவர். அங்கே பனித்தளத்தின்மேல், காலணிக்கடியில் கத்திபோன்ற தகடு கட்டிக்கொண்டு, குறுகிய வட்டத்தில் ஓடும் பந்தயம் கற்று வந்தவர். ஈப்போவில் பனிக்கு எங்கே போவது? அதனால் அதே பந்தயத்தைச் சக்கரத்தில் நடத்துகிறார். சட்டமெல்லாம் பனிக்குரியது, தரை மட்டும் சிமெண்டு.

அந்தச் சட்டங்களை நான் முதலில் கேலியாகத்தான் கேட்டேன். பிறகு போய் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு நோட்டுப் புத்தகம் கொண்டுபோனேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

நம்மூர் ஓட்டப் பந்தயத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கோடு உண்டு. இதில் கிடையாது. நாலைந்து பேர் ஒரே பாதையில், முட்டை வடிவில், எப்போதும் இடப்பக்கமாகவே திரும்பி ஓட வேண்டும். கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. எத்தனை நிமிஷம் என்பது பேச்சில்லை, யார் முந்தி என்பதே பேச்சு. முதற்கட்டங்களில் ஒவ்வொரு ஓட்டத்திலும் முதல் இரண்டு பேர் அடுத்த கட்டத்துக்குப் போவார்கள், மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள்.

முன்னால் ஓடுகிறவள் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகிறவளுக்கு உழைப்புக் குறைவு. ஆகவே முதலிலேயே முன்னுக்குப் போகிறவள் கெட்டிக்காரி அல்ல. காத்திருக்கத் தெரிய வேண்டும். ஆனால் காத்திருந்து காத்திருந்து கடைசிச் சுற்றில் இடம் கிடைக்காமல் போனவர்களும் உண்டு. முந்துகிறவள்தான் ஜாக்கிரதையாக முந்த வேண்டும். முன்னால் இருப்பவளுக்குப் பாதை சொந்தம். தள்ளினால், இடித்தால், தள்ளினவளை விலக்கிவிடுவார்கள்.

வளைவுதான் வித்தை. நாற்காலியில் உட்காரப்போகிறவர் பாதியில் நின்றதுபோல் முழங்காலை மடித்து, உடம்பை இடப்பக்கம் சாய்த்து, வலக்காலைத் தூக்கி இடக்காலுக்கு அப்பால் வைக்க வேண்டும். இடக்கை விரல்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் போகும். விழுந்தால் எழப் பார்க்கக் கூடாது. காலை முன்னே விட்டுச் சறுக்கிப் போய்ச் சுவரோரத்து மெத்தையில் சேர வேண்டும். சுவரோரத்தில் பழைய கட்டில் மெத்தைகள், மொத்தம் பதினெட்டு.

கிரேஸ் வீட்டு ஹாலில் தொலைக்காட்சிக்கு முன்னால் அந்தப் பாதி உட்காரலில் நிற்பாள். நான் எண்ணுவேன். முதலில் நாற்பது எண்ணுவதற்குள் கால் நடுங்கியது. ஆறு மாதத்தில் இருநூறு வரை நின்றாள்.

"செய்தி பாக்கணும், கொஞ்சம் நகரு" என்பாள் எஸ்தர்.

"அம்மா, நூத்தெழுவது ஆச்சு. இப்ப பேசாதீங்க."

3

நடுவில் வேறொன்று சொல்ல வேண்டும்.

என்னிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. இங்கே தங்கலாம், ஆனால் குடிமகன் அல்ல என்பது அதன் பொருள். எஸ்தருக்கும் பிள்ளைகளுக்கும் நீலம். ஊருக்குத் திரும்பிவிடுவேன் என்று நினைத்து நான் விண்ணப்பிக்கவே இல்லை. அப்படி நினைத்தே இத்தனை வருஷம் போயிற்று. இந்த வருஷம் எஸ்தரின் தொந்தரவு தாங்காமல் குடியுரிமை அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு மணி நேரத்தில் நான்கு ஜன்னல்கள். முதல் ஜன்னல் இரண்டாவதற்கு அனுப்பியது. இரண்டாவது, படம் பழையது என்றது. மூன்றாவதில் ஆள் இல்லை. நான்காவதில் ஓர் இளைஞர் மலாயில் கேள்வி கேட்டார். என் மலாய் தோட்டத்து மலாய். வேலை வாங்கும், மரியாதை தெரியாது.

"அனாக் பெராப்பா?" என்றார். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார்.

"சத்து" என்றேன். ஒன்று.

அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காகிதத்தில் மூன்று இருந்தது.

மூத்தவன் கோலாலம்பூரில் இருக்கிறான். அவன் பிள்ளைகள் என்னிடம் ஆங்கிலத்தில் நலம் விசாரிப்பார்கள். நான் தமிழில் பதில் சொன்னால் தங்கள் அப்பாவின் முகத்தைப் பார்ப்பார்கள். இரண்டாவது பெண் சிரம்பானில். அவள் கடிதம் போடுவதில்லை, கிறிஸ்துமஸுக்கு அட்டை வரும், அதில் அச்சடித்த வாழ்த்துக்குக் கீழே அவள் பெயர் மட்டும் இருக்கும். முன்னால் நிற்பவரை எண்ணிப் பழகின வாய், வீட்டில் இருப்பவளை எண்ணிச் சொல்லிவிட்டது. அந்த இளைஞர் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்து, அடுத்த மாதம் வரச் சொன்னார். பேருந்தில் திரும்பி வரும்போது எனக்கு விண்ணப்பத்தைப் பற்றி வருத்தமில்லை. 'ஒன்று' என்று சொன்னபோது எழுந்த ஓர் அச்சந்தான் உடன் வந்தது.

4

அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. முந்தின வாரந்தான் கிரேஸ் சேதி கொண்டு வந்திருந்தாள். பெண்கள் பிரிவில் வெல்கிற ஒருத்தியை மிஸ் வோங் சிங்கப்பூருக்கு அழைத்துப் போகப் போகிறார். அங்கே பனித்தளம் இருக்கிறது. மூன்று மாதம் உண்மையான பனியில் பயிற்சி. நன்றாக வந்தால் அங்கிருந்து இன்னும் தூரத்துக்கு.

"இன்னும் தூரம்னா எங்க?" என்று கேட்டேன்.

"தெரியலப்பா. ஜப்பானா இருக்கலாம். கனடாவா இருக்கலாம்."

"வேலை?"

"லீவு கேட்டுட்டேன். சம்பளமில்லாத லீவு குடுக்குறேன்னுட்டாங்க."

என்னிடம் கேட்பதற்கு முன் அலுவலகத்தில் கேட்டிருக்கிறாள். எஸ்தர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"மூணு மாசம்னு சொல்வாங்க. நான் மூணு வருஷம்னு வந்தவன்" என்றேன்.

"நீங்க வந்ததால எங்களுக்கு என்ன கெட்டுப்போச்சு? நா ஒண்ணும் தொலைஞ்சு போவமாட்டேன்."

"முதல்ல ஜெயிச்சுக் காட்டு. அப்புறம் பேசலாம்."

"ஜெயிச்சா விடுவீங்களா?"

"அப்புறம் பேசலாம்னு சொன்னேன்ல."

அது 'வேண்டாம்' என்பதற்கு நான் வழக்கமாகச் சொல்லும் சொல். பிள்ளைகள் மூவருக்கும் தெரியும்.

பந்தயத்தன்று ஆராதனை முடிந்து, பக்கத்து வீட்டுச் சவரியின் டாக்சியில் நாங்கள் போனோம். சவரி எங்கள் தோட்டத்தில் பிறந்தவன். இன்னும் என்னைக் கிராணி ஐயா என்றே கூப்பிடுவான்.

"ஐஸ் மேல ஓடணுமாமே தங்கச்சி? எனக்கு ஐஸ் காச்சாங் தின்னாலே பல்லு கூசுது."

"நீங்க தின்னுட்டு ஓடுறீங்க அண்ணே, நாங்க ஓடிட்டுத் தின்போம்."

"ஐயா என்னா பேச்சே காணோம்?"

"அப்பா இன்னைக்கு ஆபீசர். ரவுண்டு எண்ணப்போறாரு" என்றாள் கிரேஸ்.

உண்மைதான். நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் கிழவனைப் பார்த்து, மிஸ் வோங்கே கேட்டிருந்தார். சுற்றுப் பலகையும் வெண்கல மணியும் என் பொறுப்பு. மகள் ஓடுகிற பந்தயத்தில் தகப்பன் எண்ணலாமா என்று நானே கேட்டேன். "அங்கிள் எண்ணினால் யாரும் சண்டை போட மாட்டார்கள்" என்றார் அவர். அந்தச் சொல்லுக்கு நான் மயங்கியதை மறைக்க விரும்பவில்லை.

5

பலகை என்பது புரட்டுகிற எண் அட்டைகள். ஓடி முடித்த சுற்றை அது காட்டுவதில்லை, இன்னும் எத்தனை பாக்கி என்று காட்டும். முதலில் ஓடுகிறவள் கோட்டைத் தாண்டுகையில் ஓர் அட்டையைப் புரட்ட வேண்டும். 'ஒன்று' என்ற அட்டை வரும்போது மணி அடிக்க வேண்டும். கடைசிச் சுற்று என்று அர்த்தம். ஓடுகிறவர்களுக்கு மூச்சு வாங்குகிற நேரத்தில் எண்ணத் தெரியாது. அவர்களுக்குப் பலகையும் மணியுந்தான் கண்ணும் காதும்.

காலையில் நடந்தவை எல்லாம் ஒன்பது சுற்று ஓட்டங்கள். முடிவுக் கோட்டிலேயே தொடக்கம். முதல்முறை கோட்டைத் தாண்டினால் எட்டுப் பாக்கி. ஐந்து ஓட்டம், ஐந்திலும் பிழையில்லை. ஒவ்வொரு முறை தாண்டும்போதும் பென்சிலால் நோட்டில் ஒரு கோடும் போட்டு வந்தேன். நான்கு கோடு நெட்டுக்கு, ஐந்தாவது குறுக்கே. தோட்டத்துப் பழக்கம்.

இறுதி ஓட்டம் பதின்மூன்றரைச் சுற்று. அரை எப்படி வரும் என்றால், தொடக்கம் எதிர்ப்பக்கத்தில். ஆகவே முதல்முறை அவர்கள் என் கோட்டைத் தாண்டும்போது அரைச் சுற்றுத்தான் முடிந்திருக்கும், பதின்மூன்று முழுமையாகப் பாக்கி இருக்கும், பலகையிலும் பதின்மூன்றுதான் நிற்க வேண்டும். மிஸ் வோங் இதை எனக்கு இரண்டுமுறை சொன்னார். நானும் இரண்டுமுறை தலையாட்டினேன்.

நான்கு பெண்கள் நின்றார்கள். கிரேஸ் உள்ளிருந்து மூன்றாவது. அவளுக்கு அடுத்து மெய் லிங், மருந்துக்கடைக்காரர் மகள், குட்டையான பெண், சிரிக்கவே மாட்டாள். மற்ற இருவரும் வேகமுள்ளவர்கள், ஆனால் வளைவில் அகலப் போகிறவர்கள். போட்டி கிரேஸுக்கும் மெய் லிங்குக்கும் நடுவில்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருத்தி ஒருமுறை முன்னதாகக் கிளம்பிவிட்டதால் திரும்ப அழைத்து நிறுத்தினார்கள். இரண்டாம் முறை சரியாகக் கிளம்பினார்கள்.

கோட்டைத் தாண்டினார்கள். நான் கோடு போட்டேன். அட்டையைப் புரட்டினேன். பன்னிரண்டு.

அதைப் பிழையென்று நான் அப்போது அறியவில்லை.

கிரேஸ் மெய் லிங்கின் முதுகில் ஒட்டிக்கொண்டு போனாள். பதினொரு சுற்று அப்படியே. எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சவரி ஒவ்வொரு வளைவிலும் "இப்ப போ, இப்ப போ" என்று கத்தினான், அவள் போகவில்லை. நான் மணியை அடித்ததும் பாய்ந்தாள். நேர்ப்பாதையில் வெளிப்பக்கமாக வந்து, வளைவுக்குள் நுழையும்போது தோள் முந்தியிருந்தது. கோட்டை முதலில் தாண்டினாள். நிமிர்ந்து நின்று, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிச் சறுக்கிப் போனாள்.

மெய் லிங் நிற்கவில்லை. குனிந்தபடியே கிரேஸைக் கடந்து இன்னொரு சுற்று ஓடி, தனியாகக் கோட்டைத் தாண்டி, பிறகுதான் நிமிர்ந்தாள்.

6

கூச்சல் எழுந்தது. மருந்துக்கடைக்காரர் தன் மகள் தானே எண்ணிக்கொண்டு ஓடினாள், பதின்மூன்றரையும் ஓடி முடித்தவள் அவள் ஒருத்திதான் என்றார். சவரி அவருக்கு முன்னால் போய் நின்றான். சீன முதலாளிகளை இங்கே தௌக்கே என்பார்கள்.

"தௌக்கே, மணி அடிச்சாச்சு. அதுக்கப்புறம் உங்க பொண்ணு ஓடுனா அது சும்மா ஓட்டம். கிராணி ஐயா கணக்கு இருபத்தொன்பது வருஷத்துல ஒரு நாள் தப்புனதில்ல, தெரியுமா?"

மிஸ் வோங் வளைவில் நின்று, யார் யாரைத் தள்ளுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் எண்ணவில்லை. என் மேசைக்கு வந்தார்.

"அங்கிள், பெராப்பா?" எத்தனை என்றார்.

நான் நோட்டைப் பார்த்தேன். கிரேஸ் கோட்டைத் தாண்டியபோது போட்டதுதான் கடைசிக் கோடு. இரண்டு கட்டும் மூன்று தனியும். பதின்மூன்று. பதின்மூன்றரைச் சுற்றுக்குக் கோட்டைப் பதினான்குமுறை தாண்ட வேண்டும். என் பென்சில் சரியாக எண்ணியிருந்தது. பலகையில்தான் பிழை.

ஒரு பென்சில் கோடு போதும். நோட்டு என் பக்கம் திரும்பியிருந்தது, பென்சில் விரலில் இருந்தது. ஒரு கோடு போட்டால் கிரேஸ் வென்றவள். என் கணக்கும் தப்பாத கணக்கு. போடாவிட்டால் கிரேஸ் ஜெயிக்கவில்லை, சிங்கப்பூர் இல்லை. அதுதான் கிரேஸ் சேதி கொண்டு வந்த நாளிலிருந்து நான் விரும்பியது.

கிரேஸ் மெத்தையோரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பென்சிலைக் கீழே வைத்தேன். நோட்டைத் திருப்பி மிஸ் வோங்கிடம் நீட்டினேன். "பதின்மூன்று. பலகையைத் தப்பாகப் புரட்டிவிட்டேன். ஒரு சுற்று முன்னதாக மணி அடித்துவிட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சவரி, "ஐயா!" என்றான்.

மிஸ் வோங் யாருக்கும் வெற்றி கொடுக்கவில்லை. மணியை நம்பி ஓடினவர்கள் மேலும் குற்றமில்லை, நம்பாமல் ஓடினவள் மேலும் குற்றமில்லை, அரை மணி கழித்து நால்வரும் திரும்ப ஓடட்டும் என்றார். "அங்கிள், யூ ரெஸ்ட்" என்று என் மணியை எடுத்துக்கொண்டார்.

கிரேஸ் தண்ணீர் குடிக்க என்னைத் தாண்டிப் போனாள். நின்றாள்.

"அப்பா, வேணும்னே அடிச்சீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் போய்விட்டாள்.

7

அந்த அரை மணியில் நான் என்னையே விசாரித்துப் பார்த்தேன். ஏன் பன்னிரண்டைப் புரட்டினேன்?

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு நடக்கும். எல்லோரும் வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும். மழை வந்தால் பாதியில் வேலை நின்றுவிடும், பால் வெட்டினவர்கள் நனைந்து ஒழுகிக்கொண்டு லயத்து வீடுகளுக்குத் திரும்புவார்கள். அன்றைக்கு அரை நாள் என்று எழுத வேண்டும் என்பது உத்தரவு. நான் எழுதியதில்லை. பெரட்டில் வந்து நின்றவன் நின்றவன்தான், மழைக்கு அவன் என்ன செய்வான் என்று முழு நாளாகவே எழுதினேன். சவரி தப்பாத கணக்கு என்று சொன்னானே, அந்தக் கணக்கில் அரை என்பதே கிடையாது. அவன் அப்பாவுக்கும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அந்தப் பெண்கள் அரைச் சுற்று ஓடி என் முன்னால் வந்ததும், பழைய கை அதை முழுச் சுற்றாக வரவு வைத்துவிட்டது. இதுதான் காரணம். இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் மிஸ் வோங் இரண்டுமுறை சொன்னாரே. இரண்டுமுறை தலையாட்டினேனே. அந்த நேரத்தில் என் மனம் எங்கே இருந்தது? சிங்கப்பூரில் இருந்தது. அப்படியானால் கை மட்டுந்தானா குற்றவாளி?

இரண்டாம் ஓட்டத்தில் எனக்கு வேலையில்லை. கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எண்ணக் கூடாது என்று முடிவு செய்து, முதல் வளைவிலேயே எண்ணத் தொடங்கிவிட்டேன். இந்தமுறை கிரேஸ் காத்திருக்கவில்லை. கோபத்தில் நாலாவது சுற்றிலேயே முன்னுக்குப் போனாள். மெய் லிங் அவள் முதுகுக்குப் பின்னால் சாவகாசமாகச் சாய்ந்து வந்தாள். பத்தாவது சுற்றில் கிரேஸின் முதுகு நிமிரத் தொடங்கியது. மணி சரியான இடத்தில் அடித்தது. அடித்தவுடன் மெய் லிங் கடந்துபோனாள்.

கடைசி வளைவில் உள்பக்கம் ஓர் இடைவெளி திறந்தது. கிரேஸ் அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அதில் நுழைய வேண்டுமானால் மெய் லிங்கின் முழங்கையை இடித்துத்தான் நுழைய வேண்டும். ஒரு கணம் அவள் தோள் இறங்கியது. பிறகு விலகி, வெளிப்பக்கமே சுற்றி வந்து, காலை நீட்டிக் கோட்டைத் தொட்டாள். அரைச் சக்கர தூரம் பின்னால்.

எஸ்தர் அழுதாள். சவரி தொப்பியைத் தரையில் அடித்தான். என் நெஞ்சில் ஏதோ ஒன்று இறங்கி லேசாயிற்று. துக்கமாயிருக்கும் என்று முதலில் நினைத்தேன். அது துக்கம் இல்லை. நிம்மதி.

இதை எழுதுவதற்குக் காரணமே அதுதான். நேர்மையாக நடந்துகொண்டதற்காக அன்று மூன்று பேர் என் கையைக் குலுக்கினார்கள், மருந்துக்கடைக்காரரும் சேர்த்து. நேர்மையும் என் ஆசையும் அன்று ஒரே பக்கம் நின்றன. எதற்காகப் பென்சிலைக் கீழே வைத்தேன் என்று எனக்கே நிச்சயமில்லாதபோது, அந்தக் குலுக்கல்களை நான் எந்தப் பக்கத்தில் வரவு வைப்பது?

8

 

மறுநாள் மாலை கிரேஸ் வேலையிலிருந்து வந்து, பின்வாசலில் செய்தித்தாளை விரித்து, ஸ்கேட்டின் எட்டுச் சக்கரங்களையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தாள். நான் எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"மணிய நான் வேணும்னு அடிக்கல" என்றேன்.

"தெரியும்ப்பா. கோவத்துல கேட்டுட்டேன். விடுங்க."

"விட முடியாது. இன்னொண்ணு இருக்கு. நீ ரெண்டாவதா வந்தப்ப எனக்கு சந்தோஷமா இருந்துச்சு."

துணியால் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. உள்ளே எஸ்தர் பாத்திரத்தை வைக்கிற சத்தமும் நின்றது. கிரேஸ் தலையைத் தூக்கவில்லை.

"எவ்ளோ சந்தோஷம்?"

"அத எப்படிச் சொல்றது?"

"கோயிலுக்கு வாரவங்கள எண்ணுவீங்க. மெத்தைய எண்ணுவீங்க. இதையும் சொல்லுங்க. எவ்ளோ?"

யோசித்தேன். அவளுக்கு உண்மையான பதில் வேண்டியிருந்தது. மழுப்பினால் தெரிந்துவிடும்.

"மூணு மாசம்" என்றேன். "மூணு மாசம் நீ வீட்டுல இருப்பேன்னு தோணுச்சு. அவ்வளவுதான். அதுக்கு மேல இல்ல."

"அதுக்கு மேல நீங்க எதிர்பாக்கலையா?"

"எதிர்பாக்கல. நீ எப்படியும் போயிடுவ. பாத்தா தெரியுதுல்ல."

அவள் ஒரு சக்கரத்தை விரலில் கோத்துச் சுழற்றினாள். அது வெகு நேரம் ஓசையில்லாமல் ஓடியது. அது நிற்கும்வரை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், ஒரு காகிதத்தோடு வந்தாள். மெய் லிங் போய் வந்தபின், ஆறு மாதம் கழித்து இன்னொரு தேர்வு நடக்கிறதாம். மிஸ் வோங் எல்லோருக்கும் படிவம் கொடுத்திருக்கிறார். வெல்கிறவளை வெளியூர் அழைத்துப் போகச் சம்மதம் என்று பெற்றோர் எழுதித்தர வேண்டும்.

"ஆறு மாசம் இருக்கே. அப்பப் போடுறேன்" என்றேன்.

"அப்ப நீங்க 'அப்புறம் பேசலாம்'னு சொல்வீங்க. இப்பப் போடுங்க."

"இப்பன்னா என்ன தேதி போடுறது? பயணம் என்னைக்குன்னே தெரியாதே."

"தேதிய விட்ருங்க. ஜெயிச்சதும் நா போட்டுக்குறேன்."

இருபத்தொன்பது வருஷத்தில் தேதியில்லாத தாளில் நான் கையெழுத்துப் போட்டதில்லை. ஒருமுறை தோட்டத்து மானேஜர் அப்படி ஒரு தாளை நீட்டியபோது, அவர் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அன்றைய தேதியை எழுதிவிட்டுத்தான் போட்டேன். இரண்டு வாரம் அவர் என்னோடு பேசவில்லை. தேதி இல்லாவிட்டால் அந்தத் தாள் யார் கையில் இருக்கிறதோ அவர் விருப்பப்படி நடக்கும். இது எந்தக் கிராணிக்கும் தெரியும்.

கிரேஸ் பேனாவை நீட்டிக்கொண்டு நின்றாள். தாளின் ஓரத்தில் அவள் கட்டைவிரல் பட்ட இடத்தில் மண்ணெண்ணெய் ஊறிப் பரவிக்கொண்டிருந்தது.

பெயரைத் தெளிவாக எழுதினேன். அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் தேதிக்கென்று ஒரு கட்டம் இருந்தது. பேனா தானாக அங்கே போயிற்று. கட்டத்தை வெறுமையாகவே விட்டு, பேனாவை மூடி அவளிடம் கொடுத்தேன்.